பொருள் சரி, பொதி பிழை: மென்பொருளைக் கட்டும் கருவியைச் சீரமைப்பது பற்றி

"பில்ட் உடைஞ்சு போச்சு, இண்டைக்கு வரப் பிந்தும்" என்று மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் சொல்லும். உடைந்தது என்ன, உடைத்தது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்குவதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் வாழும் எமது குடும்பங்களில், இத்துறையில் ஒரு பிள்ளையாவது இல்லாத உறவு வட்டம் இன்று அரிது. ஆனாலும் அந்த வேலையின் இந்தப் பகுதியைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவு. நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதிய நிரலைப் பாவிப்பவரின் கணினிக்குப் போகும் பொதியாகக் கட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்யும் கருவி பழுதானால், முதலாவது எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

நான் வணிகம் படித்த கணக்காளன், பொறியியலாளன் அல்லன். வளைகுடாவில் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில், இப்படியான ஒரு கருவியின் கோளாறால் சோனாப்பூர் முகாமொன்றின் சம்பளம் குழம்பியதையும், பின்னர் அந்தக் கருவி சீரமைக்கப்பட்டதையும் அருகில் இருந்து பார்த்தேன். அதை வைத்தே இந்த விடயத்தை விளக்க முயல்கிறேன்.

பெட்டி கட்டுவது போல

சோனாப்பூர் என்பது டுபாயின் முஹைஸ்னா பகுதியில், ஷார்ஜா எல்லையை ஒட்டி இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு. அரச வரைபடத்தில் முஹைஸ்னா 2 என்று இருக்கும். சோனாப்பூர் என்பது தொழிலாளர் வாயில் வழங்கும் பெயர். இந்தியில் பொன்னூர் என்று பொருள். அங்கே தெருவுக்குத் தெரு கார்கோ கடைகளைக் காணலாம். ஊருக்குப் பெட்டி அனுப்புபவர் பொருட்களைக் கொண்டுவந்து கொடுப்பார். கடைக்காரர் அவற்றை அடுக்கி, நிறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, நாடா ஒட்டி, பெயரும் ஊரும் எழுதி அனுப்புவார்.

மென்பொருளிலும் இதுவே நடக்கிறது. ஒரு மென்பொருளின் மூலநிரல் ஒரே கோப்பில் இருப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூறு என்று பிரித்து எழுதுவார்கள். மொடியூல் என்பது இதைத்தான். கட்டும் கருவி செய்வது என்னவென்றால், எந்தக் கூறுகள் தேவை என்று தெரிந்தெடுத்து, அவை சார்ந்திருக்கும் பிறருடைய கூறுகளையும் சேர்த்து, கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றவேண்டியதை மாற்றி, பட்டியலும் பதிப்பு எண்ணும் இட்டு ஒரே பொதியாக்குவது. பயன்படுத்துபவர் காண்பது அந்தப் பொதியை மட்டுமே. மூலநிரலை அவர் ஒருநாளும் பார்ப்பதில்லை.

எனவே மூலத்தில் இருப்பதுதான் பொதியிலும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது கட்டும் கருவி.

1976இல் ஒரு வீணான காலை

இந்தக் கருவிகளின் மூத்தது மேக். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியது. அதற்குக் காரணமான சம்பவத்தை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜோன்சன் ஒரு நாள் கோபத்தோடு அவருடைய அறைக்கு வந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரு நிரலில் பிழை தேடியிருக்கிறார். பிழையோ ஏற்கனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மீண்டும் இயந்திர வடிவத்துக்கு மாற்றாமல், பழையதையே சேர்த்துக் கட்டியிருந்தார். மூலம் சரி, பொதிக்குள் இருந்தது பழையது.

மேக் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒரு பட்டியலில் எழுதி வைக்கவேண்டும். மூலம் பொதியை விடப் புதியதாக இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் கருவி மீண்டும் கட்டும். இந்தக் கருவிக்காக 2003இல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் முறைமை விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

மேக்கிலேயே சீரமைப்புப் பற்றிய முதற் பாடமும் இருக்கிறது. அதன் பட்டியலில் கட்டளை வரிகள் டப் விசையால் தொடங்கவேண்டும். இடைவெளி விட்டால் வேலை செய்யாது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிவதால் புதியவர்கள் இன்றும் இதில் தடுக்கி விழுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு அல்ல என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய 12 பேர் அதைப் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய வேலையைக் குழப்ப மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த 12 பேருக்காக விட்டது, அரை நூற்றாண்டாக உலகம் முழுவதற்கும் தொடர்கிறது.

சம்பளக் கோப்பு

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009ஆம் ஆண்டு சம்பளப் பாதுகாப்பு முறைமை கொண்டுவரப்பட்டது. டபிள்யூ.பி.எஸ். என்று அங்கே சொல்வார்கள். முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பமுடியாது; வங்கி அல்லது நாணய மாற்று நிறுவனம் ஊடாகவே கொடுக்கவேண்டும், அதன் விபரம் மத்திய வங்கிக்கும் தொழில் அமைச்சுக்கும் போகும். மாதக்கணக்காகச் சம்பளம் காணாமல் முகாம்களில் கிடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இதற்காக நிறுவனம் ஒவ்வொரு மாதமும் சிஃப் என்ற கோப்பைத் தயாரித்து அனுப்பவேண்டும். தொழிலாளி ஒருவருக்கு ஒரு வரி: 14 இலக்க அடையாள எண், 9 இலக்க வங்கிக் குறியீடு, கணக்கு எண், சம்பளக் காலத்தின் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும், நாட்களின் எண்ணிக்கை, நிலையான சம்பளம், மாறும் சம்பளம், விடுமுறை நாட்கள். கடைசி வரியில் நிறுவனத்தின் 13 இலக்க எண், கோப்பு உருவான திகதி, நேரம், சம்பள மாதம், மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கை, மொத்தத் தொகை. எண்ணிக்கையோ தொகையோ பொருந்தாவிட்டால் கோப்பு திரும்பி வரும். நிறுவன எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியங்களை எக்செல் தானாகவே விழுங்கிவிடும். அதனாலும் திரும்பி வரும். கோப்பு திரும்பினால் அந்த மாதச் சம்பளம் பிந்தும்.

நான் சொல்லும் நிறுவனத்தில் இந்தக் கோப்பைத் தயாரிக்கப் பைத்தன் மொழியில் எழுதிய சிறு மென்பொருள் ஒன்று இருந்தது. வரவுப் பதிவை வாசிக்க ஒரு கூறு, மேலதிக நேரத்தைக் கணக்கிட ஒன்று, வங்கிக் குறியீடுகளுக்கு ஒன்று, கோப்பை எழுத ஒன்று. இவற்றை ஒரே பொதியாகக் கட்டி முகாம் அலுவலகங்களின் கணினிகளுக்கு அனுப்ப இன்னொரு நிரல் இருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொருவரும் அவசரத்துக்கு ஒரு வரி சேர்த்தார்கள்; எதையும் எடுத்துவிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

2022 பெப்ரவரி 2ஆம் திகதி அமீரகத்தின் புதிய தொழிற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரையான மேலதிக நேரத்துக்கு 50 வீதம் கூடுதல். புதிய சட்டத்தில் அது இரவு 10 மணியில் தொடங்குகிறது. மற்ற மேலதிக நேரத்துக்கு 25 வீதம். மேலதிக நேரக் கூறில் இந்த மாற்றம் உடனே செய்யப்பட்டது. சரியாகவும் செய்யப்பட்டது. ஆனால் கட்டும் நிரல் சோனாப்பூர் முகாமுக்கான பொதியைக் கட்டும்போது மட்டும் அந்தக் கூறை வேறொரு கோப்புறையில் இருந்து எடுத்தது. அங்கே இருந்தது பழைய பிரதி.

தொகையைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம் என்றால், 30 நாளாலும் 8 மணியாலும் வகுக்க ஒரு மணிக்கு 3.75 வரும். 25 வீதம் கூட்டினால் 4.69, 50 வீதம் கூட்டினால் 5.63. வித்தியாசம் ஒரு மணிக்கு 94 ஃபில்ஸ். 26 இரவுகளுக்கு ஏறக்குறைய 24 திர்ஹம். முதல் மாதம் அந்த முகாமுக்கு மட்டும் அது கூடுதலாகப் போனது. அடுத்த மாதம் நிறுவனம் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. சட்டம் மாறியதே தெரியாத ஒருவருக்கு, சம்பளம் காரணமில்லாமல் கூடிப் பின் இரட்டிப்பாகக் குறைந்ததாகத்தான் தோன்றும். மூன்று மாதத்துச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு, கணக்கும் சரி சட்டமும் சரி, பொதிதான் பிழை என்று எப்படி விளக்குவது? கிடைக்கும் காசில் கூடியளவு ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் சாப்பிடுபவருக்கு 24 திர்ஹம் சில நாட்களின் உணவு.

சீரமைப்பு என்றால் என்ன

ஆங்கிலத்தில் ரீஃபக்டரிங் என்பார்கள். வெளியே தெரியும் நடத்தை ஒரு சிறிதும் மாறாமல், உள்ளே இருக்கும் ஒழுங்கை மட்டும் மாற்றி அமைப்பது. வில்லியம் ஒப்டைக் 1992இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை இதைப் பற்றிச் செய்தார். மார்ட்டின் ஃபவ்லர் 1999இல் எழுதிய நூலால் இச்சொல் பரவலானது.

வணிகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டின் கணக்குத் தலைப்புகளைப் புதிய ஒழுங்கில் மாற்றி எழுதும்போது நாங்கள் முதலில் செய்வது பரீட்சை மீதி எடுப்பது. மாற்றி முடித்ததும் மீண்டும் எடுப்போம். இரண்டு மொத்தமும் ஒத்துவந்தால் மாற்றம் சரி. ஒரு சதம் வேறுபட்டாலும் எங்கோ பிழை; அது எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை மேலே போகக்கூடாது. ஒரு வேறுபாடு உண்டு. பரீட்சை மீதி பொருந்தினாலும் சில பிழைகள் ஒளிந்திருக்கும் என்று படித்திருக்கிறோம். ஆகவே மென்பொருளில் மொத்தத்தை மட்டுமல்ல, வரிக்கு வரி ஒப்பிடவேண்டும்.

அந்த நிறுவனத்தில் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு இளம் பொறியியலாளர் இந்த வேலையைச் செய்தார். அவர் சென்ற ஒழுங்கு எவருக்கும் பயன்படும்.

முதலில் பழைய கருவியில் கையே வைக்கவில்லை. கடந்த 12 மாதங்களின் வரவுப் பதிவுகளைப் பழைய பொதியால் மீண்டும் ஓட்டி, வந்த கோப்புகளை எடுத்து வைத்தார். இனி எந்த மாற்றம் செய்தாலும் இந்த 12 கோப்புகளும் அப்படியே வரவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. சிஃப் கோப்பின் பெயரிலும் கடைசி வரியிலும் உருவான நேரம் இருப்பதால், எதையும் மாற்றாமலே இரண்டு தடவை ஓட்டினாலும் கோப்புகள் ஒத்துவரா. ஒப்பிடும்போது நேரத்தை ஒரு நிலையான பெறுமதியில் நிறுத்தி வைத்தார். உலகளவில் டெபியன் போன்ற திட்டங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. ஒரே மூலத்தில் இருந்து யார், எப்போது, எங்கே கட்டினாலும் ஒரு பிட் கூட வேறுபடாத பொதி வரவேண்டும் என்பதை மீளுருவாக்கக்கூடிய கட்டுதல் என்கிறார்கள். அங்கேயும் முதல் எதிரி பொதிக்குள் பதியப்படும் நேரம்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு கூறும் எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் எடுத்தார். மேலதிக நேரக் கூறுக்கு மூன்று பிரதிகள் இருந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினார்.

மூன்றாவது, ஒன்றாகக் கலந்து கிடந்த மூன்று வேலைகளைப் பிரித்தார். எதைக் கட்டுவது என்பது ஒரு பட்டியல். எப்படிக் கட்டுவது என்பது ஒரு செய்முறை. யாருக்கு அனுப்புவது என்பது ஒரு முகவரிக் கொத்து. முன்பு சோனாப்பூருக்கு ஒரு விதி, ஜெபல் அலிக்கு ஒரு விதி என்று செய்முறைக்குள்ளேயே முகவரிகள் புதைந்திருந்தன. பிரித்த பிறகு எல்லா முகாமுக்கும் போவது ஒரே பொதி. முகவரி மட்டுமே வேறு.

நான்காவது, பொதிக்குப் பதிப்பு எண் இட்டார். முகாம் கணினி தன்னிடம் இருக்கும் எண்ணைத் தலைமை அலுவலகத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் கோப்பை எழுத மறுக்கும்.

கடைசியாக, இரண்டு மாதம் பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டினார். புதிய கணக்கு முறைக்கு மாறும்போது கணக்காளர்கள் செய்யும் சமாந்தர ஓட்டமே இது.

இடையில் ஒரு சோதனை வந்தது. பழைய நிரல் மேலதிக நேரப் பணத்தை ஒவ்வொரு நாளும் முழு ஃபில்ஸுக்கு மாற்றிவிட்டுக் கூட்டியது. ஒரு நாளுக்கு 4.6875ஐ 4.69 ஆக்கி 26ஆல் பெருக்கினால் 121.94. மாத முடிவில் ஒரே தடவை மாற்றினால் 121.88. வித்தியாசம் 6 ஃபில்ஸ். இதையும் சேர்த்தே திருத்திவிடலாம் என்று பொறியியலாளர் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. காரணம் எளிது. சீரமைப்பின்போது எண்கள் மாறக்கூடாது என்பதே சோதனை. எண்ணை மாற்றும் திருத்தத்தை அதற்குள் கலந்தால், மாறியது திருத்தத்தாலா, சீரமைப்பின் பிழையாலா என்று ஒருவராலும் சொல்லமுடியாது. அது தனியாகக் குறித்து வைக்கப்பட்டு, சீரமைப்பு முடிந்தபின், தொழிலாளருக்கு அறிவித்தலோடு வேறாகச் செய்யப்பட்டது.

பைத்தன் தன் கருவியை மாற்றிய கதை

ஒரு சிறு நிறுவனத்தில் சில வாரங்களில் முடிந்த வேலை, பைத்தன் மொழிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. கிரெக் வார்ட் உருவாக்கிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கட்டும் கருவி 2000ஆம் ஆண்டு பைத்தனோடு சேர்க்கப்பட்டது. செட்டப்.பை என்ற ஒரு கோப்பை எழுதினால், அது கூறுகளைச் சேர்த்துப் பொதியாக்கித் தரும். 2003இல் பொதிகளுக்கான பொதுக் களஞ்சியமான பைபிஐ வந்தது. 2004இல் பிலிப் ஈபி, டிஸ்ட்யூட்டில்ஸின் மேல் செட்டப்டூல்ஸ் என்ற இன்னொரு கருவியைக் கட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு ஏறியது.

அடிப்படைச் சிக்கல் ஒன்று இருந்தது. செட்டப்.பை ஒரு பட்டியல் அல்ல, ஒரு நிரல். பொதிக்கு என்னென்ன தேவை என்று அறிய அதை ஓட்டவேண்டும். ஓட்டுவதற்கோ அந்தத் தேவைகளில் சில ஏற்கனவே கணினியில் இருக்கவேண்டும். பெட்டியைத் திறக்கும் கத்தியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து ஒட்டியது போன்ற நிலை.

இதற்கான தீர்வு பெப் 517, பெப் 518 என்ற இரண்டு முன்மொழிவுகளாக வந்தது. 518 சொன்னது, தேவைகளை ஓட்டவேண்டிய நிரலில் அல்லாமல் வாசிக்கக்கூடிய ஒரு பட்டியற் கோப்பில் எழுதுங்கள் என்று. அந்தக் கோப்பே இன்று பைத்தன் திட்டங்களில் காணும் பைபுரொஜெக்ட்.டொம்ல். 517 சொன்னது, பொதியை நிறுவும் கருவியையும் கட்டும் கருவியையும் பிரியுங்கள் என்று. கட்டும் கருவி இரண்டு வாசல்களைக் கட்டாயம் திறந்து வைக்கவேண்டும்: ஒன்று மூலநிரற் பொதியைத் தருவது, மற்றது வீல் எனப்படும் நிறுவத் தயாரான பொதியைத் தருவது. அந்த வாசல்களுக்குப் பின்னால் எப்படி வேலை செய்தாலும் நிறுவும் கருவிக்குக் கவலையில்லை. அதனால் செட்டப்டூல்ஸ் தவிர ஃபிளிட், பொயட்ரி, ஹச் போன்ற வேறு கருவிகளும் அருகருகே வாழமுடிகிறது.

வீல் பொதியை விரித்துப் பார்த்தால் அது ஒரு சாதாரண ஸிப் கோப்புத்தான். அதற்குள் ரெக்கோட் என்ற பட்டியல் இருக்கும். பொதியில் உள்ள கோப்புகளின் பெயர், அளவு, ஷா-256 என்ற கணித முத்திரை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். கார்கோ கடைக்காரர் எழுதும் பட்டியலை விட இது கண்டிப்பானது.

டிஸ்ட்யூட்டில்ஸ் திடீரென்று தூக்கி எறியப்படவில்லை. 2021 ஒக்ரோபரில் வந்த பைத்தன் 3.10இல், இது நீக்கப்படும் என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2023 ஒக்ரோபர் 2ஆம் திகதி வந்த 3.12இல் நீக்கப்பட்டது. அதன் நிரலின் பிரதியொன்றைச் செட்டப்டூல்ஸ் தன்னுள் எடுத்துக்கொண்டது. இத்தனை முன்னறிவித்தலுக்குப் பின்னும் பராமரிப்பு இல்லாத பழைய பொதிகள் பல 3.12இல் கட்டமுடியாமல் நின்றன. மூலநிரல் அப்படியே இருந்தது. அதைக் கட்டும் கருவிதான் இல்லாமற் போனது.

ஒளிவதற்கு ஏற்ற இடம்

யாரும் வாசிக்காத கட்டும் நிரல் சோம்பலின் அடையாளம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2024 மார்ச் 29ஆம் திகதி மைக்ரோசொப்ட் பொறியியலாளர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். ஊடாகக் கணினிக்குள் நுழைய வழமையை விட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, காரணம் தேடிப்போனார். எக்ஸ்.இஸட். என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கையைப் பெற்றபின் செய்த வேலை அது.

அதில் எமக்குத் தேவையான பகுதி இதுதான். பின்கதவை இயக்கிவைத்த கட்டும் நிரலின் முக்கிய வரிகள், எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் இருந்தன. மூலத்தை எவ்வளவு கவனமாக வாசித்தாலும் அது அகப்படாது. மூலத்தில் இருந்து தாமே கட்டி, வெளியிடப்பட்ட பொதியோடு ஒப்பிட்டவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பழைய கட்டும் முறையில், களஞ்சியத்தில் இல்லாத கோப்புகள் பொதியில் இருப்பது வழமையான ஒன்று. அதனால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. கணக்கில் இதை வங்கி இணக்கக் கூற்று என்போம்: எமது புத்தகமும் வங்கியின் புத்தகமும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒவ்வொரு மாதமும் விளக்கவேண்டும். "எப்போதும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்" என்று விட்ட இடத்தில்தான் களவு புகும்.

எங்கள் கருவிகள்

தமிழுக்கு என்று எழுதப்பட்ட மென்பொருட்களில் பல, ஓய்வு நேரத்தில் ஒரு சிலர் ஊதியமின்றிச் செய்தவை. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்தவர்களும் பராமரிக்கும் ஓப்பன்-தமிழ் அவற்றில் ஒன்று. பைபிஐ களஞ்சியத்தில் இருந்து எவரும் இலவசமாக நிறுவலாம். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது போன்ற வேலைகளுக்கு அது உதவுகிறது.

இது அற்ப வேலை அல்ல. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எங்களுக்கு 6 எழுத்துகள். யூனிகோட் கணக்கில் 11 குறியீடுகள். புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படும். சோனாப்பூர் 5 எழுத்து; குறியீடுகள் 10. ஆனால் சோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டாவது வழியில் அதே சொல் 11 குறியீடாகும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு பெயர்களை, அகதி விண்ணப்பத்திலோ வங்கியிலோ கணினி வெவ்வேறு ஆட்களாகக் கொள்ள இது போதும். இப்படிப்பட்ட கருவியைச் சீரமைப்பவர் முதலில் சேர்த்து வைக்கவேண்டியது இத்தகைய சொற்களும் அவற்றுக்கு வரவேண்டிய விடைகளும்தான். எமது சிஃப் கோப்புகள் செய்த வேலையை அங்கே இந்தச் சொற்பட்டியல் செய்யும்.

பராமரிப்பு நின்றால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் ஏற்கனவே ஒரு தடவை அனுபவித்திருக்கிறோம். யூனிகோட் பரவுமுன் எமது சங்கங்களின் மலர்கள், பள்ளிப் பயிற்சிகள், நினைவு நூல்கள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். மாற்றிக் கொடுக்கும் நிரல்களைச் சிலர் எழுதி வைத்ததால் அவை தப்பின. அந்த மாற்றி நிரல்களும் ஏதோ ஒரு கட்டும் கருவியை நம்பித்தான் இருக்கின்றன.

ஆகவே கோயில், பாடசாலை, ஊர்ச்சங்கம் எதுவாயினும், யாரோ ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்த மென்பொருளில் உறுப்பினர் பட்டியலையோ நிதிக் கணக்கையோ வைத்திருக்கும் அமைப்புகள் நான்கு கேள்விகளைக் கேட்டு வைப்பது நல்லது. மூலநிரல் எங்கே இருக்கிறது, ஒரே ஒரு இடத்தில்தானா? எழுதியவர் தவிர இன்னொருவர், இன்னொரு கணினியில், அதில் இருந்து பொதியைக் கட்டிப் பார்த்திருக்கிறாரா? அப்படிக் கட்டியது இப்போது பாவனையில் இருக்கும் பொதியோடு ஒத்துவருகிறதா? எமது கணினியில் இருக்கும் பதிப்பு எது என்று திரையில் தெரிகிறதா? கணினி தெரியாத ஒரு பொருளாளரும் இவற்றைக் கேட்கலாம்.

ஒரு பிள்ளை வந்து, "புதுசா ஒண்டும் செய்யேல்லை, உள்ளுக்கு இருக்கிறதை ஒழுங்குபடுத்த ஒரு மாதம் வேணும்" என்று கேட்டால், வீண் வேலை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நிறுவனத்தில் சீரமைப்பு முடிந்த மாதம் வெளியே எதுவும் மாறவில்லை. முகாம்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்பு எண்ணோடு பொதி போனது, கோப்பு திரும்பி வரவில்லை, சம்பளம் உரிய நாளில் அட்டையில் விழுந்தது. அந்த வேலைக்கு இதைவிட வேறு அத்தாட்சி கிடையாது.